செய்ததைக் காட்டுங்கள், பின்பக்கத்தோடு சேர்த்து

ஊசிமுனை

எல்லோருக்கும் வணக்கம். ஓர் ஆண்டாகத் தினமும் ராத்திரி அரை மணி நேரம் எம்பிராய்டரி போடுகிறேன். கைக்குட்டை, தலையணை உறை, மகனுடைய சட்டையின் முழங்கைக் கிழிசல் மேல் ஓர் இலை, இப்படிச் சின்னச் சின்ன வேலைகள்தான். வீட்டில் கண்ணில் படுவதையே பென்சிலில் வரைந்துகொண்டு தைப்பேன்: ஜன்னல் கம்பி, மூக்குக்கண்ணாடி, கொடியில் காயும் துணி. முடித்ததும் அலமாரியின் கீழ் இழுப்பறைக்குள் போய்விடும்.

போன வாரம் சித்தி வந்திருந்தபோது அந்த இழுப்பறையைத் திறந்துவிட்டார். ஒவ்வொன்றையும் எடுத்ததும் திருப்பிப் பார்த்தார். முன்பக்கத்தை ஒரு பார்வை, பின்பக்கத்தை ஒரு நிமிஷம். மூக்குக்கண்ணாடி தைத்த கைக்குட்டையைக் காட்டி, “கறுப்பு நூலை வெட்டாமல் இந்தக் கண்ணாடியிலிருந்து அந்தக் கண்ணாடிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறாய். துணி மெல்லிசு. அதனால்தான் முன்னால் நிழல் தட்டுகிறது” என்றார். அந்தச் சாம்பல் கோடு அழுக்கு என்று நினைத்து மூன்று மாதமாகத் துவைத்துப் பார்த்தவள் நான்! அன்றைக்கே அந்த நூலைப் பிரித்து, ஒவ்வொரு பக்கமும் தனியாக முடித்தேன். கோடு போய்விட்டது.

அதனால் இந்த உரையாடல் இழையைத் தொடங்குகிறேன். நீங்கள் கையால் செய்தது எதுவாக இருந்தாலும் இங்கே போடுங்கள். விற்கிற தரத்தில் இருக்க வேண்டியதில்லை, பாதியில் நிற்பதும் சரிதான். ஒரே ஒரு வேண்டுகோள்: அதன் பின்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள். துணி என்றால் பின்புறம். மண் என்றால் அடிப்பாகம். ஓவியம் என்றால் வண்ணம் கலந்து பார்த்த துண்டுத் தாள். என் கைக்குட்டையின் இரண்டு பக்கமும் முதலில் வைக்கிறேன். ஆறிழை நூலில் இரண்டு இழை பிரித்து, காம்புத் தையலில் போட்டது.

நீர்க்கோடு

அக்கா, நல்ல இழை. என்னுடையது நீர்வண்ணம்.

இரண்டு வருடம் முன்பு அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்தோம். பகல் முழுக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உள்ளங்கை அகல வண்ணப்பெட்டியும் தண்ணீர் நிரப்பிய தூரிகையும் என்னிடம் இருந்தன. வேறு எதை வரைவது, அப்பாவின் கையைத்தான் வரைந்தேன். போர்வை மேல் கிடந்த இடது கை, ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி. 14 நாளில் 11 படம். முதல் மூன்றில் கை கையுறை மாதிரி இருக்கும். விரல்களை ஒவ்வொன்றாக வரையாமல், விரல்களுக்கு நடுவில் உள்ள இருட்டை வரைய ஆரம்பித்த பிறகுதான் அது கையானது.

போர்வையின் மடிப்புக்கு எனக்குச் சாம்பல் நிறம் தேவைப்பட்டது. பெட்டியில் கறுப்பு இல்லை, இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா பழுப்பையும் கலந்தால் உயிருள்ள ஒரு சாம்பல் வரும். நீலம் கூடினால் மழை மேகம் மாதிரி, பழுப்பு கூடினால் பழைய மரம் மாதிரி. அல்ட்ராமரைன் பொடிப்பொடியாகத் தாளின் குழிகளில் தங்கும் என்பதால் போர்வையின் சொரசொரப்பும் தானாகவே கிடைக்கும். தாள் 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம். அதைவிட மெல்லிய தாளில் இவ்வளவு தண்ணீர் விட்டால் அலை அலையாக எழும்பிவிடும்.

பின்பக்கம் கேட்டீர்கள் இல்லையா? ஏழாவது படத்தின் பின்னால் ஒன்பது சின்னச் சதுரங்கள் இருக்கின்றன, சாம்பல் கலந்து பார்த்தவை. மூன்றாவது சதுரம் அப்பா போட்டது. “கொடு, நானும் பார்க்கிறேன்” என்று தூரிகையை வாங்கினார். கை நடுங்கியதால் சதுரம் கோணலாக இருக்கும். அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்தப் படத்தை ஃபிரேம் போடாமலே வைத்திருக்கிறேன், போட்டால் பின்பக்கம் மூடிவிடும் என்பதால்.

கொக்கிநூல்

நீர்க்கோடு எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். அப்பாவிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

ஆனால் ஊசிமுனை கேட்பதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. நான் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே போடுகிறேன், சிறு பொம்மைகள். எனக்குக் கற்றுக்கொடுத்த டீச்சர் நூல் முனை ஒன்று வெளியே தெரிந்தாலும் பிரித்துவிட்டு மறுபடி போடச் சொல்வார். முனைகளை உள்ளே கோத்து மறைப்பது வேலையின் ஒரு பகுதி, அதுவே தனித் திறமை. நான்கு மணி நேரம் மெனக்கெட்டு மறைத்ததை ஏன் திருப்பிக் காட்ட வேண்டும்? வீட்டுக்கு வருபவரைக் கூடத்தில் உட்கார வைப்போமா, சாமான் போட்டுவைக்கும் அறையிலா? முடிந்த வேலைக்கு ஒரு மரியாதை இருக்கிறது. பார்ப்பவர் அதை முழுசாகப் பார்க்கட்டும்.

அது ஒருபக்கம் இருக்கட்டும். என் பங்குக்கு ஒரு முயல். நூலை வளையமாக்கி அதில் ஆறு கண், அடுத்த சுற்றில் 12, அப்புறம் 18. சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டினால் தட்டையான வட்டம் வரும், கூட்டுவதை நிறுத்தினால் கிண்ணம் மாதிரி மேலே எழும்பும். தலைக்கும் உடம்புக்கும் இந்த ஒரே கணக்குத்தான். வலது காதில் ஒரு கண் எண்ணத் தவறியதால் லேசாகச் சாய்ந்திருக்கிறது. பேத்தி அந்தக் காதைப் பிடித்துத்தான் தூக்குகிறாள்.

ஊசிமுனை

> முடிந்த வேலைக்கு ஒரு மரியாதை இருக்கிறது

கொக்கிநூல், ஒத்துக்கொள்கிறேன். மறைப்பது திறமை என்பதில் சந்தேகமே இல்லை. ஹோல்பைன் தையல் என்று ஒன்று இருக்கிறது. ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே போய், அதே வழியில் திரும்பி வந்து இடைவெளிகளை நிரப்புவது. முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கும். ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த உருவப்படங்களில் சட்டைக் கையோரத்தில் அந்த வேலைப்பாடு தெரிவதால் அவர் பெயரே அதற்கு வந்துவிட்டது. மடித்துவிடும் கையோரத்தில் இரண்டு பக்கமும் தெரியும் இல்லையா, அதனால் அங்கே மறைக்க ஒன்றும் இருக்கக் கூடாது.

ஆனால் நான் பின்பக்கத்தைக் கேட்பது குறை கண்டுபிடிக்க அல்ல. முன்பக்கம் என்ன செய்தீர்கள் என்று சொல்லும், எப்படிச் செய்தீர்கள் என்பது பின்பக்கத்தில்தான் இருக்கும். பாயோ திரைச்சீலை என்று சொல்கிறோமே, ஏறக்குறைய 70 மீட்டர் நீளம், 11ஆம் நூற்றாண்டில் லினன் துணியில் கம்பளி நூலால் போட்ட எம்பிராய்டரி. 1982-83இல் அதைச் சுத்தம் செய்யும்போது பின்பக்கத்தையும் தனியாக எடுத்து ஆராய்ந்தார்கள். அத்தனை நூற்றாண்டாக முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனாலும் கை எப்படிப் போயிற்று என்று தெரிந்துகொள்ளத் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

காட்ட மனம் இல்லாதவர்கள் முன்பக்கம் மட்டும் போட்டாலும் மகிழ்ச்சிதான். முயலின் காது மிகவும் பிடித்தது.

சூளைச்சூடு

எங்கள் தொழிலில் அடிப்பாகத்தைப் பார்க்காமல் யாரும் ஒரு பாத்திரத்தை வைக்க மாட்டார்கள், அதனால் நான் ஊசிமுனை கட்சி.

சனி, ஞாயிறு மட்டும் சக்கரத்தில் உட்காருகிறேன். போன மாதம் ஒன்பது கிண்ணம் செய்தேன், சூளையிலிருந்து ஐந்துதான் உருப்படியாக வந்தன. மீதி நான்கையும் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். மூன்றின் அடியில் ஆங்கில எஸ் எழுத்து மாதிரி வளைந்த விரிசல். இது எல்லோருக்கும் வரும் நோய். சக்கரத்தில் சுவரை எழுப்பும்போது மண்ணை இழுத்து அழுத்துகிறோம், அடியை அப்படியே விட்டுவிடுகிறோம். அழுத்தம் படாத மண் காயும்போது அதிகமாகச் சுருங்கும். அடியை நடுவிலிருந்து ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து நடுவுக்கும் கட்டைவிரலால் நன்றாக அழுத்தித் தேய்த்தால் பெரும்பாலும் நின்றுவிடும். அப்புறம் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி மெதுவாகக் காயவிட வேண்டும். நான் அவசரப்பட்டு ஃபேனுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

நான்காவது கிண்ணம் வேறு கதை. விரிசலின் விளிம்பை நகத்தால் தடவினால் கத்தி மாதிரிக் கூராக இருந்தது. கிளேஸ், அதாவது மேலே பூசும் கண்ணாடிப் பூச்சு, உருகி விளிம்பு மழுங்கியிருந்தால் விரிசல் முன்பே வந்தது என்று அர்த்தம். கூராக இருந்தால் சூளை ஆறும்போது வெடித்தது. மண்ணில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸில் சட்டென்று அளவு மாறும். ஆறும்போது அந்த இடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும். நானோ ஆசையில் மூடியைச் சீக்கிரமே லேசாகத் திறந்துவிட்டேன். இதெல்லாம் அந்த நாலு உடைந்த கிண்ணங்கள் சொல்லிக்கொடுத்தது. நன்றாக வந்த ஐந்தும் ஒன்றும் சொல்லவில்லை.

தாள்மடிப்பு

ஆறு வருடமாக இங்கே படிக்க மட்டும் வருகிறேன். இதுதான் முதல் பதிவு.

அலுவலகத்தில் ஒரு பக்கம் மட்டும் அச்சான ஏ4 தாள்களைத் தூக்கிப் போட மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, நடுவில் மடித்து, ஊசி நூலால் தைத்து நோட்டு செய்கிறேன். அட்டைக்குப் பழைய பரிசுக் காகிதம். 20 நோட்டுக்கு மேல் செய்து நண்பர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். படம் வைத்திருக்கிறேன், ஆனால் மஞ்சளடித்து இருட்டாக வந்திருக்கிறது. நேரில் இதைவிட நன்றாக இருக்கும். மன்னிக்கவும்.

நீர்க்கோடு

ஆறு வருடமா! வாங்க வாங்க. நோட்டு ரொம்ப அழகு.

கொக்கிநூல்

அழகு! அந்தப் பூப்போட்ட அட்டை கொள்ளை அழகு.

நீலத்தாள்

தாள்மடிப்பு, மன்னிப்பெல்லாம் எதற்கு? படத்தைச் சரிசெய்வது சுலபம். அறையின் விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். பல்பின் மஞ்சளும் ஜன்னலின் நீலமும் கலந்தால் கைபேசிக்கு எது வெள்ளை என்று தெரியாமல் போகும். பகலில் ஜன்னலுக்குப் பக்கத்தில், நேர்வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கிட்டே போய் எடுக்காமல் இரண்டடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள், ஓரங்கள் வளையாது. தையல் தெரிய வேண்டும் என்றால் வெளிச்சம் மேலிருந்து வராமல் பக்கவாட்டில் சாய்வாக வரட்டும். ஒவ்வொரு நூலும் தன் நிழலோடு எழுந்து நிற்கும்.

எனக்கு வெளிச்சம்தான் வேலையே. சயனோடைப் அச்சு எடுக்கிறேன். பெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் பெர்ரிசயனைடு, இரண்டு கரைசலையும் கலந்து தாளில் பூசி இருட்டில் காயவைத்து, மேலே ஓர் இலையை வைத்து வெயிலில் காட்டினால், இலை மறைத்த இடம் வெள்ளையாகவும் மற்றது நீலமாகவும் நிற்கும். கழுவுவதற்கு வெறும் தண்ணீர் போதும். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை. அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கடற்பாசிகளை நேரடியாகத் தாளில் வைத்து இப்படி அச்செடுக்கத் தொடங்கிவிட்டார். பாசியின் ஒவ்வொரு இழையும் தெரியும்.

என்னுடைய பின்பக்கம் என்று சொன்னால் சோதனைப் பட்டைகள்தான். ஒரே தாளை அட்டையால் மூடி, இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொண்டே போவேன். வெளிர்நீலத்திலிருந்து கருநீலம் வரை படிப்படியாகக் கிடைக்கும். வெயில் நாளுக்கு நாள் மாறுவதால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பட்டை. 60 பட்டைக்கு மேல் சேர்ந்துவிட்டது. அவற்றைத் தேதி வாரியாகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அச்சுகளைவிட அதன் முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

தாள்மடிப்பு

நீலத்தாள் சொன்னபடி எடுத்தேன். என் நோட்டை நானே இப்படிப் பார்த்ததில்லை, நன்றி. இழையின் விதிப்படி பின்பக்கத்தையும் போடுகிறேன்: மூடி வைத்தது பக்கவாட்டில் ஒன்று, திறந்தது ஒன்று, அட்டையின் உட்புறம் ஒன்று. மூடி வைத்தாலும் அட்டை மேலும் கீழும் வெளியே பிதுங்கி வளைந்து நிற்கிறது. எடை வைத்து ஒரு வாரம் அழுத்தினாலும் எடுத்த மறுநாள் பழையபடிதான். பசையின் தரம் என்று நினைக்கிறேன்.

பாரம்16

பசை இல்லை தம்பி. பக்கவாட்டுப் படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன். பைண்டிங் வேலையில் பல வருடம் இருந்தவன் நான்.

இயந்திரத்தில் செய்த காகிதத்துக்கு ஒரு போக்கு உண்டு. கூழ் ஓடும் திசையில் நார்கள் படுத்துக்கொள்ளும். காகிதம் ஈரம் பட்டால் நாரின் குறுக்கேதான் அதிகம் விரியும், காய்ந்தால் குறுக்கேதான் அதிகம் சுருங்கும். அதனால் நோட்டில் உள்ள எல்லாமே, உள்தாள், அட்டை, மேலே ஒட்டும் காகிதம் எல்லாமே, நார் முதுகுக்கு இணையாக மேலிருந்து கீழாக ஓடும்படி இருக்க வேண்டும். உங்கள் நோட்டில் நார் குறுக்கே ஓடுகிறது. அதனால்தான் பக்கங்களும் படிந்து திறக்காமல் விறைத்து நிற்கின்றன.

காரணம் நீங்கள் எடுத்த தாளிலேயே இருக்கிறது. அலுவலக ஏ4 தாளில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும். அதை நடுவில் மடித்தால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழும். அதற்கு ஒரு வழி: ஏ4 தாளை முதலில் நடுவில் வெட்டி இரண்டாக்குங்கள். அந்தப் பாதியை மறுபடி மடித்தால் சட்டைப்பை அளவு நோட்டு வரும், நார் முதுகோடு சேர்ந்து ஓடும். அட்டைக்கு, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இணங்கி வளைகிறதோ, அந்த வளைவின் மடிப்பு வாக்கில்தான் நார் ஓடுகிறது. கண்டுபிடித்ததும் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டுவைத்துக்கொள்ளுங்கள், வெட்டிய பிறகு மறந்துபோகும்.

இன்னொன்று. உங்கள் அட்டையில் வெளியே மட்டும் காகிதம் ஒட்டியிருக்கிறது. அது காயும்போது ஒரு பக்கமாக இழுக்கிறது. உள்ளேயும் ஒரு தாள் ஒட்டினால் எதிர்ப்பக்கம் இழுத்துச் சமன் செய்யும். நூலில் தேன்மெழுகு தடவினீர்களா? தையல் இறுக்கமாக, அழகாக இருக்கிறது. கை நன்றாக வருகிறது உங்களுக்கு.

ஊசிமுனை

ஐயா, இதைப் படித்ததும் சித்தி ஞாபகம்தான் வந்தது. நாங்கள் எல்லோரும் அழகு, அழகு என்றே சொல்லிவிட்டுப் போயிருக்கிறோம். 20 நோட்டு செய்தவருக்கு அந்தச் சொல்லால் என்ன கிடைத்தது?

கொக்கிநூல்

சரி, நானும் மனம் மாறுகிறேன். முயலைத் திருப்பிக் காட்ட முடியாது, உள்ளே பஞ்சு அடைத்துத் தைத்தாகிவிட்டது. ஆனால் இப்போது பாதியில் இருக்கும் ஆமை ஓட்டின் உட்புறம் வெளியே வரும்படி படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். நிறம் மாற்றும் இடத்தில் ஓட்டை விழுகிறது. யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

வெட்டுத்தாள்

கொக்கிநூல், நிறம் மாற்றும்போது பழைய நூலில் கடைசிக் கண்ணை முழுசாக முடிக்கிறீர்கள் போலிருக்கிறது. கொக்கியில் கடைசி இரண்டு வளையம் நிற்கும்போதே புது நூலைப் பிடித்து இழுத்துவிடுங்கள். அடுத்த கண் புது நிறத்தில் சுத்தமாகத் தொடங்கும். என் அக்கா போடுவாள், பார்த்துத் தெரிந்துகொண்டது.

நான் செய்வது காகித வெட்டு. வண்ணக் காகிதத்தைக் கத்தரித்து ஒட்டிப் பூ செய்கிறேன். 64 வயதில் தொடங்கினேன். வெளியே சொல்லவே தயக்கமாக இருந்தது. பிறகு மேரி டெலானி பற்றித் தெரிந்துகொண்டேன். 1700இல் பிறந்தவர். கணவர் இறந்த பிறகு, 72 வயதில், சிவப்புக் காகிதம் ஒன்றும் அதே சிவப்பில் ஒரு பூவும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்ததைப் பார்த்து, பூவைக் காகிதத்தில் வெட்டத் தொடங்கினாராம். கறுப்புப் பின்னணியில் ஒவ்வோர் இதழும் தனித்தனியாக வெட்டி ஒட்டியது. கண்பார்வை போகும் வரை பத்தாண்டுகளில் ஆயிரத்தை நெருங்கும் அளவுக்குச் செய்திருக்கிறார். அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

இந்த இழைக்குப் பொருத்தமான ஒன்று: அவர் பல தாள்களின் பின்பக்கத்தில் செடியின் பெயர், செய்த தேதி, இடம், அந்தப் பூவை யார் கொடுத்தார்கள் என்பது வரை எழுதிவைத்திருக்கிறார். நானும் அப்படி எழுத ஆரம்பித்திருக்கிறேன். இந்தச் செம்பருத்தியின் பின்னால் எதிர்வீட்டுக் குழந்தையின் பெயர் இருக்கிறது. அவள்தான் பறித்துக்கொடுத்தாள், அதனால் பின்பக்கத்தை மட்டும் பாதி மறைத்துப் போட்டிருக்கிறேன்.

சூளைச்சூடு

வெட்டுத்தாள் அம்மா, இதழ் ஓரத்தில் இரண்டு சிவப்பு ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிறதே, நிழலுக்கா? கீழே இருப்பது மெல்லிய காகிதமா?

இடையில் எல்லோரிடமும் ஒரு கோரிக்கை. நான் முன்பு வேறோர் இடத்தில் ஒரு கிண்ணத்தின் அலங்காரத்தைப் போட்டிருந்தேன். ஒருவர் அதையே அச்சு அசலாகச் செய்து தன் யோசனை என்று போட்டுவிட்டார். பார்த்துச் செய்து பழகுவதில் எனக்கு வருத்தமே இல்லை, நானும் அப்படித்தான் கற்றேன். இன்னாரைப் பார்த்துச் செய்தேன் என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரி இல்லாததால் நான் எட்டு மாதம் எதையும் யாருக்கும் காட்டவில்லை.

வெட்டுத்தாள்

ஆமாம், நிழலுக்குத்தான். கீழே இருப்பது கனமானது, மேலே இருப்பது கண்ணாடி மாதிரி மெல்லியது. சரியாகக் கவனித்தீர்கள். எட்டு மாதம் கழித்து எங்களுக்குக் காட்டியதற்கு நன்றி அம்மா.

தாள்மடிப்பு

பாரம்16 ஐயா, இரண்டு வாரம் கழித்து வருகிறேன். தாளை வெட்டி, மடித்து, எட்டெட்டுத் தாளாக ஐந்து பாரம் (மடித்த தாள்கட்டு) தைத்தேன். அட்டையை வளைத்து நாரைக் கண்டுபிடித்தேன். உள்ளேயும் காகிதம் ஒட்டினேன். எடையை எடுத்து இன்றோடு ஆறு நாள். மேசைமேல் வைத்துப் பக்கவாட்டில் எடுத்த படம் இது. அட்டை நேராக இருக்கிறது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் படிகிறது, கையால் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

முன் அட்டையில் நீங்கள் சொன்ன அம்புக்குறி உள்தாளுக்கு அடியில் மறைந்துவிட்டது. பின் அட்டையில் மட்டும் அந்த இடத்தில் தாளைச் சின்னதாக வெட்டி, அம்புக்குறி தெரியும்படி விட்டிருக்கிறேன். மூன்றாவது படத்தில் பார்க்கலாம். முன்பு கொடுத்த 20 நோட்டுகளில் 13 எங்கே இருக்கின்றன என்று தெரியும். ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கி, உள்தாளாவது ஒட்டிக் கொடுக்கப் போகிறேன்.